நிலம் கொடுத்தவள்

ஒரு நிலம் எவ்வளவு காலமாகச் சும்மா கிடக்கிறது என்பதை அதன் வரப்பில் ஏறாமலே நான் சொல்லிவிடுவேன். சாலையோரம் ஸ்கூட்டியை நிறுத்தி, வேலிக்காத்தான் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது, அடியில் ஆடு நுழைகிற சந்து இருக்கிறதா, கிணற்று மேட்டில் யாராவது துணி உலர்த்தியிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறாரா, இல்லை அவர் செத்துப்போய்ப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்களா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை மேடம். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல்.

என் பெயர் சூர்யகலா. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் எங்கள் ஊர். கணவர் இறந்துவிட்டார். மகள் கோயம்புத்தூரில் வேலை செய்கிறாள். முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். அவர்கள் அலுவலகத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். நான் வேலையை மட்டும் விடவில்லை.

வேலை இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் சொந்தமாக ஒரு சென்ட்கூட இல்லாத பெண்கள் நிறையப் பேர். பிறர் வயல் கொல்லையில் களை வெட்டியும் நாற்று நட்டும் காலம் தள்ளுகிறவர்கள். அதே ஊர்களில் உழுவதற்கு ஆளில்லாமல் முள் மண்டிக் கிடக்கிற நிலங்களும் நிறைய. நான் நிலத்துக்காரரைக் கண்டுபிடித்துப் பேசி, சில வருடங்களுக்குப் பயிர் வைக்க அனுமதி வாங்கித் தருவேன். பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து முள்ளை வெட்டுவார்கள், ஒன்றாக விதைப்பார்கள், விளைந்ததைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நிலத்துக்காரருக்கு மல்லாட்டையோ, அதாவது வேர்க்கடலையோ, கேப்பையோ வீட்டுக்கு ஒரு மூட்டை போகும். கோலியனூர்ப் பக்கம் ஒன்று, மயிலம் போகிற வழியில் ஒன்று என்று அங்கங்கே நடக்கிறது. என்னை நெலத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நிலம் கேட்கப் போகிற வீட்டில் நான் உடனே நிலத்தைப் பற்றிப் பேச மாட்டேன். காபி கொடுத்தால் குடிப்பேன். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பேன். அப்புறம், உங்கள் கொல்லையில் பன்றி குட்டி போட்டிருக்கிறதாம், பக்கத்துக்காரர் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் தள்ளுகிறாராம் என்று மெதுவாகச் சொல்வேன். உழுகிறவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொள்வார்களோ என்கிற பயம் எல்லாருக்கும் உண்டு. நான் முன்னால் நிற்கிறேன், என்னை நம்புங்கள் என்பேன். நம்புவார்கள். என் முகம் அப்படி.

கோலியனூர் நிலத்துக்காரர் சீனுவாசன் என்று ஒருவர். ஓய்வுபெற்ற அதிகாரி, விழுப்புரத்தில் வீடு. முதல் அறுவடைக்குப் பெண்கள் பொங்கல் வைத்தபோது அவரையும் அழைத்தோம். காரில் வந்தார். நிலத்தின் எல்லை எது என்று என்னிடம்தான் கேட்டார். பெண்கள் அவருக்கு மாலை போட்டு, "அய்யா புண்ணியத்துலதான் நாங்க சோறு துன்றோம்" என்றார்கள். ஒருத்தி அவர் காலில் விழுந்தாள். அந்த நிலத்துக்காக நான் ஏழெட்டு மாதம் அவர் வீட்டு வாசலுக்கு நடந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பொங்கல் இறங்கவில்லை. விரதம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எந்த நிலத்துக்காரரையும் விழாவுக்குக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்தப் பெண்கள் இன்னொருவர் முன்னால் குனிந்து நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

இப்போது எங்கள் குடும்பத்து நிலத்துக்கு வருகிறேன்.

மூன்று ஏக்கர், கிணறு, மோட்டார் கொட்டகை. நானும் என் தம்பி செல்வகுமாரும் இரண்டே பிள்ளைகள். அவன் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். நான் பத்தாவதோடு நின்று அப்பாவோடு கொல்லையில் இருந்தேன். தண்ணீர் பாய்ச்சுவது, பயிர் காவல், களத்து வேலை எல்லாம் செய்தேன். அப்பா போன பிறகு நிலம் தம்பிக்கு என்று பெரியவர்கள் பேசினார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று அன்றைக்கு ஊரே பேசியது.

தம்பி நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தான். மனைவி பானுப்ரியா, இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான், கொல்லைப் பக்கம் போக மாட்டான். நிலம் முழுக்க முள் ஏறிவிட்டது. ஒருநாள் போனில், "டேய், நம்ம கொல்லையில பொம்பளைங்கள பயிர் வெக்கச் சொல்லட்டா?" என்று கேட்டேன். "இதுல என்னை இன்னாக்கா கேக்கற? நீ பாத்துக்க" என்றான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் சிறு வயதில் அங்கே எத்தனை முள் மிதித்திருப்பேன். அவன் பஸ்ஸில் நின்றபடி கொடுத்துவிட்டான்.

பெண்களிடம், "எங்க நெலத்தக் குடுக்கறேன், வாங்க" என்றேன். அது பொய்யில்லை.

ஜெயம்மாள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அறுபது வயது, மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள். அடுத்தவள் இருதயமேரி, சிறியவள், இரண்டு பெண் குழந்தைகள். மொத்தம் பதினேழு பேர், சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். முள்ளை வேரோடு பிடுங்கி, கிணற்றில் தூர் எடுத்து, முதல் வருடம் கேப்பையும் அடுத்த வருடம் மல்லாட்டையும் வைத்தார்கள்.

இருதயமேரியைப் பாம்பு கடித்ததைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். தரையில் படுத்திருந்தவளைக் கடித்திருக்கிறது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தவளுக்கு இமை தூக்க முடியவில்லை. வீட்டில் செரிமானக் கோளாறு என்று சுடுதண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பாயைப் புரட்டினேன். கறுப்பாய்ப் பளபளவென்று, குறுக்கே வெள்ளைக் கட்டுகளோடு கட்டு விரியன். அது கடித்தால் வீங்காது. வலியும் பெரிதாக இருக்காது. எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான். ஆட்டோவில் போட்டுத் திண்டிவனம் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மூச்சுக்கு மெஷின் வைத்துப் பிழைத்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். இருதயமேரி பிறகு என்னிடம் ஒன்று சொன்னாள். "கண்ணத் தொறக்க முடியலக்கா. செத்துட்டேன்னு எல்லாரும் அழுவறாங்க. ஆனா அத்தினியும் காதுல உழுந்துக்கினே இருந்துச்சி."

போன வருடம் எங்கள் கொல்லைக்கு அடுத்த நிலத்தை மனை போட்டார்கள். வெள்ளைக் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, நுழைவாயில் வைத்தார்கள். பிறகு எங்கள் நிலத்தைக் கேட்டுத் தரகர்கள் தம்பிக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அவனே சொன்னான். "ஒரே பேஜாரா கீதுக்கா. டெய்லி போன் பண்ணிக்கினே இருக்காங்க. பாக்கலாம், இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

இதைப் பெண்களிடம் சொன்னது நான்தான். அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. ஜெயம்மாள் மல்லாட்டைச் செடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "யக்கா, இத்தப் புடுங்கற வரைக்குமாவது உடுவாரா ஒன் தம்பி?" வயதில் மூத்தவளானாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "நான் இருக்கேன். என்னைத் தாண்டி எவனும் வர முடியாது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பங்குனி அமாவாசை அன்று பெண்கள் எல்லாரும் மதியமே வேன் பிடித்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். இருதயமேரி வேதக்காரி, போகவில்லை. கொல்லையின் கடைசியில் மயில் விரட்டிக்கொண்டிருந்தாள். நான் மோட்டார் போட்டுவிட்டு நின்றிருந்தேன்.

தம்பி பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தான். வருவதாகச் சொல்லவில்லை. கையில் பெரிய ஸ்வீட் டப்பா. கெட்ட செய்தியைச் சொல்ல வருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள் என்று நினைத்தேன்.

"எங்கக்கா யாரையும் காணோம்?"

"மலையனூருக்குப் போயிருக்காங்க. இன்னாடா திடீர்னு?"

"அடடா. எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சிப் பேசணும்னு லீவு போட்டுட்டு வந்தேன்."

"நெலத்தப் பத்தியா?"

"ஆமாம். இரு, மொதல்ல ஒக்காருவோம். வெயிலு மண்டையப் பொளக்குது."

உட்கார ஏதாவது விரிக்கலாம் என்று மோட்டார் கொட்டகைக்குள் போனான். மூலையில் பழைய சாக்குகள் குவிந்து கிடக்கும். மேல் சாக்கை உருவியவன் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தான்.

"யக்கா, ஏதோ சுருக்குனுச்சி. பாம்பு மாதிரி கீது, பாரு."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரோரம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கறுப்பு. வெள்ளைக் கட்டு. செங்கல் சந்துக்குள் தலையை விட்டு, உடம்பு முழுக்க நுழைகிற வரைக்கும் எனக்கு அதை நன்றாகப் பார்க்க நேரம் இருந்தது.

வெளியே வந்து, "தண்ணிப் பாம்புடா" என்றேன்.

"நெஜமாவா?"

"வாய்க்கால்ல கெடக்கறது. ஈரத்துக்கு உள்ள வந்திருக்கு. ஒண்ணும் ஆவாது. கையக் கழுவு."

அவன் சிரித்துவிட்டான். "நான் ஒரு செகண்ட்டுல செத்துட்டேன்க்கா. நீ இருந்ததால ஆச்சி. ஒனக்குத் தெரியாத பாம்பா."

அந்த வார்த்தை தானாக வாயில் வந்ததா, யோசித்துச் சொன்னதா என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். நேரம் குறைவாக இருந்தது, ஆனாலும் யோசித்தேன். மனைக்கல் நட்ட அடுத்த கொல்லை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. பதினேழு பேர். அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்தால் ஐம்பதுக்கு மேல். ஒரு பக்கம் அவ்வளவு பேர், இன்னொரு பக்கம் ஒருவன். நான் கடிக்கவில்லை, கடிக்க வைக்கவுமில்லை. தானாக நடந்ததில் ஒரு பெயரை மாற்றிச் சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள் முன்னால் உட்கார்ந்து இதையே காரணமாகச் சொல்லியிருப்பேன். கேட்பவர்களுக்குக்கூடப் பாதி நியாயமாகத் தோன்றியிருக்கும்.

புங்க மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். விரலைப் பார்த்தேன். ஒரு புள்ளிதான். அவன் செருப்பைக் கழற்றிக் காலை மண்ணில் அழுத்திக்கொண்டு சொன்னான்.

"அந்தப் பார்ட்டிகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்க்கா."

"இன்னா சொல்ற?"

"பானுவும் நானும் பேசினோம். இத்த இவங்க சங்கத்து பேருக்கே எழுதிக் குடுத்துடலாம்னு. எங்க புள்ளைங்க ரெண்டும் இந்தப் பக்கம் வரப்போறதில்ல. போன தபா வந்தப்ப அந்த ஜெயம்மா என் கையப் புடிச்சிக்கினு சொன்னாங்க. 'தம்பி, இந்த வயசுலதான் என் கால்ல ஒட்டற மண்ணு என்னுதுன்னு நெனச்சிக்கினு நடக்கறேன்'னு. அதுலருந்து எனக்குத் தூக்கமே புடிக்கலக்கா."

ஜெயம்மாள் அதை என்னிடம் சொன்னதில்லை.

"ஒனக்கு சம்மதந்தான? நீ வேணாம்னா வேணாம்."

"எனக்கு இன்னாடா. ஒன் நெலம்" என்றேன்.

"அதான் ஸ்வீட்டு. நாளைக்கி எல்லாரும் வந்ததும் நானே என் வாயால சொல்றேன். நீ முன்னாடியே சொல்லிடாத, இன்னா?"

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அப்போது கடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஸ்கூட்டி மரத்தடியிலேயே நின்றது. திண்டிவனம் இருபது நிமிடம். இருதயமேரியைக் கொண்டுபோனபோது அவள் இருந்த நிலையைவிட அவன் எவ்வளவோ மேலான நிலையில் இருந்தான். எனக்கு எல்லாம் தெரியும்.

நான் எழுந்து போய் வீட்டிலிருந்து கொண்டுவந்த மோரை ஊற்றி அவனுக்குக் கொடுத்தேன்.

சொன்ன பொய் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் பேசாமல் இருந்தேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் உண்மையில்லை. "தப்பாப் பாத்துட்டேன்டா, எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், ஜல்தியா ஏறு" என்று சொல்லியிருந்தால் அவன் மறுபேச்சு இல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பான். நான் எது சொன்னாலும் நம்புகிறவன். எனக்கு அப்போது மறுநாள் நடக்கப்போவதுதான் கண்முன்னால் தெரிந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் நடுவில் நின்று சொல்கிறான். ஜெயம்மாள் இவன் காலில் விழப் போகிறாள், இவன் பதறித் தூக்குகிறான். எல்லாம் எங்க அக்காதான் என்று நிச்சயமாகச் சொல்லியிருப்பான். அவனுக்குப் பெரிய மனசு. அந்தப் பெயரையும் எனக்கு அவன்தான் கொடுத்திருப்பான்.

கொஞ்ச நேரத்தில் வயிறு பிசைகிறது என்றான். வழியில் பரோட்டா தின்றதுதான் காரணம் என்று அவனே சொன்னான். ஆமாம் என்றேன். பிறகு தூக்கம் வருகிறது என்று படுத்தான். அவன் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் நாங்கள் எப்படியெல்லாம் கிணற்றில் குதிப்போம் என்று பேசினான். நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. தண்ணீர் கேட்டான், விழுங்க முடியவில்லை.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. பானுப்ரியா. எடுத்தேன்.

"அக்கா, அவரு வந்துட்டாரா? சொல்லிட்டாரா?"

"சொன்னாம்மா. வெயில்ல வந்தது, தூங்கறான்."

"ஒங்களுக்கு சந்தோஷந்தானக்கா? நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு அவருக்கு ஒரே யோசனை."

"எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது.

இருதயமேரி தண்ணீர்க் குடத்தோடு எங்கள் பக்கம் வருவது தெரிந்தது. அவள் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கே நடந்ததல்லவா. அவனை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து, பாதி வழியிலேயே அவளை நிறுத்தினேன்.

"தம்பி குடிச்சிட்டு வந்து உழுந்து கெடக்கான்மா. நீ கிட்ட வராத. வாயில வர்றது நல்ல வார்த்தையா இல்ல."

"ஐயோ. செல்வகுமார் அண்ணனா? அவரு குடிக்க மாட்டாரேக்கா."

"மெட்ராசுல இன்னா பண்றான்னு நமக்குத் தெரியுமா? நெலத்த விக்கற துக்கம். நீ வீட்டுக்குப் போ."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். என் தம்பி வாழ்நாளில் குடித்ததில்லை. பிரேதப் பரிசோதனையில் அது தெரிந்திருக்கும். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது, "கண்ணத் தொறக்க முடியலக்கா" என்றான். வார்த்தை குழறியது. எனக்குப் புரிந்தது.

"தூங்குடா."

"பக்கத்துலயே இரு."

"இருக்கேன்."

இருந்தேன். எழுந்து போகவில்லை. ஈ விரட்டினேன். வெயில் இறங்கியபோது அவன் பேச்சு முழுக்க நின்றுவிட்டது. மூச்சு மட்டும் மேலாகப் போய்க்கொண்டிருந்தது. உண்மையை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. பக்கத்தில் வேறு யாருமில்லை. குனிந்து அவன் காதில், "அது தண்ணிப் பாம்பு இல்லடா" என்று சொன்னேன். மூடிய இமையின் ஓரத்தில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

மூச்சு நின்ற பிறகு 108க்குப் போன் செய்தேன். அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, ஒரே தம்பி. ஆஸ்பத்திரியில் விரலைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்று நினைத்தேன், கடித்தது எனக்குத் தெரியாது என்றேன். இருதயமேரியும் அப்படித்தான் சொன்னாள். கிட்டே போய்ப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று இன்றைக்கு வரைக்கும் அவள் அழுகிறாள். அவள்மேல் தப்பில்லை என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஸ்வீட் டப்பாவை எறும்பு மொய்த்துவிட்டது. கிணற்று மேட்டில் கொட்டினேன்.

கருமாதி முடிந்த அன்றைக்குப் பானுப்ரியா எல்லாப் பெண்களையும் கூப்பிட்டாள். தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "அவரு குடிச்சிருந்தார்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சி அவரு குடிச்சதில்ல. இருந்தா இருக்கட்டும். இந்த நெலத்த ஒங்களுக்குக் குடுக்கணும்னு சொல்லத்தான் அவரு அன்னைக்கி வந்தாரு. அத நான் செய்யறேன்." பெண்கள் கதறிய கதறல் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. ஜெயம்மாள் மயங்கி விழுந்துவிட்டாள்.

பானுப்ரியா சொன்னபடியே சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி அதை யாரும் மனை போட முடியாது. நான் நினைத்தது நடந்தது. நியாயமாக நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

பெண்கள் கொல்லையின் முகப்பில் ஒரு பலகை வைத்தார்கள். செல்வகுமார் நினைவு மகளிர் கூட்டுப் பண்ணை என்று எழுதி, மேலே அவன் போட்டோ. கல்யாணத்தில் எடுத்தது, நன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பான். வெள்ளிக்கிழமை தோறும் பூ வைக்கிறார்கள். இருதயமேரி மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். மல்லாட்டை பிடுங்கினால் முதல் கைப்பிடி பலகைக்குக் கீழே. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சில நாள் நானே பூ வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

போன வாரம் செஞ்சிப் பக்கத்திலிருந்து வேறொரு பெண்கள் குழு பண்ணையைப் பார்க்க வந்தது. ஜெயம்மாள்தான் சுற்றிக் காட்டினாள். முள் வெட்டியது, தூர் எடுத்தது எல்லாம் சொன்னாள். பலகைக்கு முன்னால் நின்று அவனைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. வந்தவர்களும் அழுதார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். அவர்களில் ஒருத்தி என்னைக் காட்டி யார் என்று கேட்டாள்.

"இவங்களா? அந்த அண்ணனோட அக்கா" என்றாள் ஜெயம்மாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஏன் இவ்வளவு மாதம் கழித்து ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தண்டனை என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. என் தம்பியை நான்தான் சாக விட்டேன். தெரிந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கு நடக்கும்போது பதினேழு பேரும் கோர்ட்டுக்கு வருவார்கள். ஜெயம்மாள் முன் வரிசையில் உட்காருவாள். அவர்களுக்கு எல்லாம் தெரியட்டும். ஆனால் மேடம், ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவன் கொடுக்கிறேன் என்று வாயால்தான் சொன்னான். ஊருக்குப் போனால் மனசு மாறியிருக்கலாம், நாளைக்குப் பிள்ளைகள் தடுத்திருக்கலாம். அவன் செத்ததால்தான் அந்த நிலம் அவர்கள் கைக்கு வந்தது.

அதனால் அதைக் கொடுத்தது நான். எழுதும்போது முதல் வரியில் அதை எழுதுங்கள்.